மே மாசம் கும்பகோணத்துல 11 மணிக்கு பசிச்சா எங்க போறது?

பெங்களூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, மே ரெண்டாவது வீக்கெண்ட் அம்மா, வொய்ஃப், ரெண்டு பசங்களோட கும்பகோணம் வர்றோம். சனி ஞாயிறுன்னா லேட்டா எந்திரிச்சு 11 மணிக்கு பிரன்ச் சாப்பிட்டு எங்களுக்கு பழக்கமாயிடுச்சு, அந்த மாதிரி நல்ல இடம் அங்க எது? அம்மாவுக்கு சுகர், பசங்களுக்கு காரம் ஆகாது, ஏசி இருந்தா நல்லது. நெட்ல தேடுனா பத்து லிஸ்ட் வருது, எதை நம்பறதுன்னு தெரியல."

தம்பி, அந்த பத்து லிஸ்ட்லயும் இருக்கறது பெரும்பாலும் நல்ல கடைங்கதான். ஆனா நீங்க 11 மணிக்கு போனீங்கன்னா எந்த கடையும் சுமாராத்தான் இருக்கும். எங்க ஊர் பக்கம் எங்க சாப்பிடறோம்ங்கறத விட எத்தனை மணிக்கு உள்ள நுழையறோம்ங்கறதுதான் முக்கியம்.

ஏன்னா இங்க சைவ ஓட்டல் கிச்சன் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே டைம்ல ஓடும். விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு பத்தவெச்சு 6 மணிக்கெல்லாம் இட்லி பொங்கல் ரெடியாயிடும், பத்து பத்தரை வரைக்கும் டிபன், அப்பறம் தோசைக்கல்ல தேய்ச்சு கழுவி, டிபன் சாம்பார் இறங்கி சாப்பாட்டு சாம்பார் ஏறி, இலை நறுக்கி, ஹால கூட்டித் துடைச்சு, பதினொன்றரை பன்னெண்டுக்கு மீல்ஸ் ஆரம்பிப்பாங்க. நீங்க கேக்கற 11 மணி அந்த சந்துக்குள்ள போய் மாட்டுது. அப்ப போனா அடிப்பாத்திரத்துல இறுகிப்போன பொங்கல், காலைல 5 மணிக்கு அரைச்ச தேங்காய் சட்னி, இன்னும் டிபனா மீல்ஸான்னு முடிவு பண்ணாத சர்வர், இதுதான் கெடைக்கும். அந்த தேங்காய் சட்னி விஷயத்துல மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க, கத்திரி வெயில்ல அது நாலஞ்சு மணி நேரத்துல லேசா புளிச்சு நூல் விட ஆரம்பிச்சிடும், மோந்து பாத்தாலே தெரியும், சந்தேகம்னா தொடாதீங்க, சாம்பாரோட சாப்பிட்டுட்டு போயிடுங்க.

அதனால உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஒன்பது மணிக்குள்ள டிபன், இன்னொண்ணு பதினொன்னே முக்காலுக்கு முதல் பந்தி. ரெண்டு நாள் இருக்கீங்கல்ல, ஒரு நாளைக்கு ஒண்ணா வெச்சுக்கங்க.

சனிக்கிழமை முதல் பந்தி. ராத்திரி டிரெயின்ல வந்து இறங்குனா உடம்பு எப்படியும் தூக்கத்துக்குத்தான் கெஞ்சும். ரூம் புக் பண்ணும்போதே ஒரு விஷயம் கேட்டுக்கங்க, சில லாட்ஜ்ல நீங்க எந்நேரம் போனாலும் அப்பலேர்ந்து 24 மணி நேரம் கணக்கு, சில இடத்துல மத்தியானம் 12க்குத்தான் செக்-இன், இத கேக்காம வந்து விடிகாலைல பெட்டியோட ரிசப்ஷன் சோபால உக்காந்திருக்கற குடும்பங்கள நான் நெறைய பாத்திருக்கேன். குளிச்சுட்டு தூங்குங்க, பதினொன்றரைக்கு கிளம்புங்க. முதல் பந்தில உக்காந்தா சோறு ஆவி பறக்கும், கூட்டு பொரியல் அப்பத்தான் இறங்கியிருக்கும், பரிமாறறவங்க முகத்துலயும் அப்ப சலிப்பு இருக்காது, ரெண்டாவது தடவை ரசம் கேட்டா சந்தோஷமா ஊத்துவாங்க. மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, பருப்பு உருண்டை குழம்பு இதுல அன்னிக்கு எது போட்டிருக்காங்களோ அத விட்றாதீங்க, தஞ்சாவூர் கைப்பக்குவம் தெரியறது சாம்பார்ல இல்ல, இந்த குழம்புலதான். பசங்களுக்கு பருப்பும் நெய்யும் போட்டு பிசைஞ்சு கொடுத்துட்டு தயிர்ல முடிச்சிருங்க, காரம் பத்தி கவலையே வேணாம். ஒரு மணிக்கு மேல போனீங்கன்னா அதே கடைல வெயிட்டிங்தான், ஏன்னா காலைல நவக்கிரக கோயில் சுத்த கிளம்புன வேனெல்லாம் அந்நேரத்துக்குத்தான் டவுனுக்கு திரும்பும்.

வெங்கட்ரமணாவுல மீல்ஸ் சாப்பிடலாம், டிபனுக்கு கும்பேஸ்வரர் கோயில்கிட்ட மங்களாம்பிகா விலாஸ் இருக்கு, காபிக்கு முரளி கஃபே. இதெல்லாம் ஊர்க்காரங்களே போற கடைங்க. பழைய கடைகள்ல பேன்தான் சுத்தும், ஏசி ஹால் வேணும்னா தனியா கேட்டு உக்காருங்க, பல இடத்துல அங்க ரேட் கொஞ்சம் கூட. என்னைக் கேட்டா முதல் பந்திக்கு ஏசி தேவையே இல்ல, வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள எந்திரிச்சிருவீங்க. ஆனா அம்மா இருக்காங்க, அவங்களுக்காக ஏசியே பாருங்க.

அம்மா பத்தி சொல்லணும், இதத்தான் நீங்க ரொம்ப லேசா எழுதிட்டீங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ காலைல வழக்கம்போல போட்டுட்டு பன்னெண்டு மணி வரைக்கும் சாப்பிடாம இருக்கறது ஆபத்து, சுகர் திடீர்னு இறங்கும், இந்த வெயில்ல வியர்வையும் படபடப்பும் வந்தா வெயில்னுதான் நெனைப்பீங்களே தவிர சுகர்னு தோணாது. கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட சாப்பாட்டு டைம் மாறப்போறத சொல்லி கேட்டுக்கங்க. எப்படி இருந்தாலும் அவங்கள பிரன்ச் கணக்குல சேக்காதீங்க, எட்டு மணிக்கு ரெண்டு இட்லி ரூமுக்கு வாங்கிட்டு வந்து கொடுத்திருங்க, முதல் பந்தில கொஞ்சம் சோறும் நெறைய கூட்டு, பொரியல், மோரும் சாப்பிடட்டும். பாயசம் இலைல விழறதுக்கு முன்னாடியே கைய காட்டிரணும், விழுந்தப்பறம் எந்த அம்மாவும் வீணாக்க மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எந்திரிங்க, காரணம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைலதான் இந்த பக்கம் நெறைய கடைங்கள்ல கடப்பா போடுவாங்க. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேக வெச்சு, தேங்காய் பொட்டுக்கடலை கசகசா பச்சைமிளகா அரைச்சு ஊத்தி, பட்டை கிராம்பு தாளிச்சு, வெள்ளையும் மஞ்சளுமா தளதளன்னு இருக்கும், இட்லி தோசைக்கு தொட்டுக்க இல்ல, மேல ஊத்தி ஊறவெச்சு சாப்பிடணும். குருமா மாதிரி காரம் கெடையாது, உங்க பசங்க ரெண்டாவது கிண்ணம் கேப்பாங்க. கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரத்த தாண்டிட்டா இத தேடித்தான் புடிக்கணும். எல்லா கடையிலயும் கெடையாது, இருக்கற கடையிலயும் சீக்கிரம் தீந்துடும், ஒன்பது ஒன்பதரைக்கு போய் கேட்டா "இப்பத்தான் சார் முடிஞ்சுது"ன்னு சொல்றதுதான் வழக்கம். அதனால சனிக்கிழமை சாயங்காலமே காபி குடிக்க போற கடைல "நாளைக்கு கடப்பா உண்டா, எத்தனை மணி வரைக்கும்"னு கேட்டு வெச்சிருங்க.

பிளான் இப்படி வெச்சுக்கங்க. காலைல ஆறரைக்கு தாராசுரம், டவுன்லேர்ந்து நாலு கிலோமீட்டர்தான். வெறுங்காலோட கருங்கல் தரைல நடக்கணும், மே மாசம் பத்து மணிக்கு மேல அந்த கல்லுல பசங்க கால வெக்க முடியாது, ஓட்டமும் குதியலுமாத்தான் இருக்கும், ஐராவதேஸ்வரர் கோயில்ல அந்த சின்ன சின்ன சிற்பமெல்லாம் நின்னு பாக்கறதுக்குத்தான் இருக்கு. எட்டரைக்கு திரும்பி வந்து கடப்பா, ஒரு நெய் ரோஸ்ட், காபி. இதுக்கப்பறம் 11 மணிக்கு பசங்க பசிக்குதுன்னா ஒரு எளநி, இல்ல ரோட்டோரம் நுங்கு, சீசன் அதுதான், கண்ணு முன்னாடி சீவி கொடுக்கறவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

சரி, எவ்வளவு சொன்னாலும் சில நாள் 11 மணிக்குத்தான் பசிக்கும், அதுக்கும் வழி இருக்கு. உக்காந்ததும் மெனு கார்டு பாக்காதீங்க, "இப்ப சூடா என்ன இருக்கு"ன்னு கேளுங்க. கல்லு இன்னும் அணையலன்னா ரவா தோசை, ஊத்தப்பம், பூரி மாதிரி ஆர்டர் சொன்னப்பறம் போடற ஐட்டமா சொல்லுங்க, பொங்கல், வடை, கேசரி வேணாம், அதெல்லாம் காலைல செஞ்சது. இட்லின்னா புது ஈடு எடுக்கறாங்களான்னு கேட்டு சொல்லுங்க. கல்லு அணைஞ்சிட்டா கலந்த சாதம் கேளுங்க, மீல்ஸுக்கு முன்னாடியே சாம்பார் சாதமும் தயிர் சாதமும் நெறைய இடத்துல ரெடியாயிடும், ஒரு தயிர் சாதம் மாவடு ஊறுகாயோட, பின்னாடியே ஒரு காபி, அந்த வெயிலுக்கு இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க. அசைவம் உண்டுன்னா ஞாயித்துக்கிழமை பதினொன்றரை பன்னெண்டுக்கு பிரியாணி தம் உடைப்பாங்க, பசங்களுக்கு அது காரமாத்தான் இருக்கும்.

ஸ்டார் ஓட்டல், ரிசார்ட் காலை பஃபே பத்தியும் நீங்க யோசிச்சிருப்பீங்க. பான்கேக், ஆம்லெட், ஜூஸ்னு பசங்களுக்கு எல்லாம் இருக்கும், பத்து பத்தரைக்கு மூடிருவாங்க, தங்கறவங்களுக்கு மட்டுமா வெளியாளுக்கும் உண்டான்னு போன்ல கேட்டுட்டு போங்க. எனக்கு அதுல பெரிய ஈடுபாடு இல்ல, பெங்களூர்ல கெடைக்கறதையே இங்க வந்து கொஞ்சம் சுமாரா சாப்பிடற மாதிரிதான் அது. வாஃபிள், பாஸ்தான்னு பசங்க அடம் புடிச்சா திருச்சி வழியா திரும்பறப்ப தில்லைநகர்ல நிறுத்துங்க, கஃபே எல்லாம் அங்கதான், அதுங்களுக்கு 11 மணின்னா விடிகாலை. நீங்க மட்டும் அதே திருச்சில திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ்ல நெய் தோசை சாப்பிட்டு வந்திருங்க, அங்கயும் டைம் கேட்டுட்டு போறது நல்லது.

ரிவ்யூ பாக்கறது எப்படின்னா, ஸ்டார பாக்காதீங்க, புதுசா போட்டதுலேர்ந்து வரிசைப்படுத்தி போட்டோவ பாருங்க. இலை பச்சையா இருக்கா, சோறு குவியலா இருக்கா, பின்னாடி டேபிள்ல உள்ளூர் ஆளுங்க உக்காந்திருக்காங்களா. வாசல்ல மின்னற பித்தளை டபராவும் பெரிய போர்டும் மட்டும் பத்து போட்டோ இருந்தா தாண்டி போயிருங்க. ஹைவே பூரா இருக்கே கும்பகோணம் டிகிரி காபி போர்டு, அதுல சிலது நல்லாவும் இருக்கும், ஆனா அத வெச்சு எங்க ஊர் காபிய எடை போடாதீங்க. ஆட்டோக்காரர்கிட்ட கேக்கறத விட பூக்கடை, பாத்திரக்கடைல கேளுங்க, தினமும் அந்த தெருவுலயே மத்தியானம் சாப்பிடறவங்க அவங்கதான்.

ரெண்டு விஷயம் பாக்கி. நீங்க வர்ற தேதி முகூர்த்த நாளான்னு காலண்டர்ல பாத்துக்கங்க, முகூர்த்தம்னா லாட்ஜ் பூரா கல்யாணத்துக்கு வந்தவங்கதான், ரூமும் கெடைக்காது, டிபன் கடைல உக்கார எடமும் கெடைக்காது. அப்பறம் ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம் நாலரைலேர்ந்து ஆறு, பக்கத்துல ராகு கோயில் இருக்கற திருநாகேஸ்வரத்துல பாலாபிஷேகத்துக்கு வெளியூர் கூட்டம் அன்னிக்கு மத்தியானமே டவுன்ல இறங்கிடும், அதனால ஞாயிறு சாப்பாட்ட பன்னெண்டரைக்குள்ள முடிச்சிட்டு ரூமுக்கு போயிருங்க. நாலு மணிக்கு கோயில் திறக்கும், நீங்க அதுவரைக்கும் தூங்கலாம்.

தஞ்சாவூர் வரைக்கும் போறதா இருந்தா திருவையாறு வழியா போய் ஆண்டவர் கடைல அசோகா அல்வா வாங்கிக்கங்க, அம்மாவுக்கு தெரியாம.