நந்தியாவட்டையில் நீலக் கண் புழு: மருந்து வேண்டாம்

வணக்கம். நந்தியாவட்டையில் நீலக் கண் வைத்த விரல் தடிமன் பச்சைப் புழு, செடி பாதி மொட்டை, வீட்டில் சின்னக் குழந்தைகள், மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்காதீர்கள். அது அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு. கொட்டாது, கடிக்காது, சுணையும் கிடையாது. அந்த நீலப் பொட்டுகள் கண்ணே இல்லை. தொட்டால் தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்பவைக்கும், பறவைகளை மிரட்டத்தான். வால் முனையில் இருக்கும் குட்டைக் கொம்பும் குத்தாது.

இந்த அளவு வளர்ந்துவிட்டால் தின்பது இன்னும் சில நாள்தான். பிறகு உடம்பு பழுப்பாகி, கூட்டுப்புழு ஆவதற்காகத் தரைக்கு இறங்கும். பலர் அப்போதுதான் தெரியாமல் மிதித்துவிடுகிறார்கள். செடியடியில் சருகைப் பெருக்காமல் விடுங்கள்.

செடி ரொம்பச் சின்னது என்றால் புழுவை வேறு நந்தியாவட்டைக்கோ அரளிக்கோ மாற்றலாம். கையால் பிய்க்க வேண்டாம். கால்கள் கிளையை இறுகப் பிடித்திருக்கும், இழுத்தால் உடம்பு கிழியும். கிளையோடு வெட்டி வையுங்கள். கறிவேப்பிலையில் விட்டால் பட்டினிதான். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படக் கூடாது, குழந்தைகள் தொடவும் கூடாது. அரளிப் பால் கடும் விஷம்.

வேர் நன்றாக இருந்தால் நந்தியாவட்டை மறுபடி துளிர்க்கும். மண் காயாமல் தண்ணீர் விட்டு, இரண்டு கைப்பிடி மட்கிய எரு போடுங்கள். மொட்டையான கிளையை இப்போதே வெட்டாதீர்கள், துளிர் அதிலிருந்துதான் வரும்.