கொழும்பில் சின்ன வளவில் வண்ணத்துப்பூச்சி வளர்க்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: தெஹிவளையில் நான்காம் மாடி, பல்கனியில் எக்ஸோராவும் நித்தியகல்யாணியும் நன்றாகப் பூக்கின்றன, வண்ணத்துப்பூச்சி வருகிறது, குடிக்கிறது, போய்விடுகிறது. அதை முட்டையிட வைப்பது எப்படி? புழு கிடைத்தால் போத்தலில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பூ அதற்குத் தேத்தண்ணிக் கடை. குடித்துவிட்டுப் போகத்தான் செய்யும். பிள்ளை பெறுவதற்கு யாராவது தேத்தண்ணிக் கடைக்குப் போவார்களா? முட்டை வேண்டுமென்றால் இலை வேண்டும், அதுவும் அந்தந்தப் பூச்சிக்கு உரிய இலை. தாய்ப்பூச்சி இலையில் வந்து நின்று முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். காலில்தான் அதற்கு ருசி தெரியும். புழு தின்னாத இலை என்றால் அடுத்த நொடியே எழும்பிவிடும். நீங்கள் பல்கனி நிறைய எக்ஸோரா வைத்தாலும் இதில் மாற்றமில்லை.

எனக்கு இதெல்லாம் 2020 ஊரடங்கில்தான் தெரிய வந்தது. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஆறடி அகலம். அதைத்தான் வளவு என்கிறோம். அதில் ஒரு கறிவேப்பிலை நின்றது. ஒருநாள் காலை அதன் இலைகளில் காக்கை எச்சம் போல ஏதோ கிடந்தது. ஈரத்துணியால் துடைக்கப் போனால் எச்சம் தலையைத் தூக்கியது! சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வந்தது, கூடவே தேசிக்காய்த் தோல் அழுகினாற்போல ஒரு நாற்றம். துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அது கொமன் மோர்மன் என்ற பூச்சியின் புழு. எங்கள் பக்கத்தில் கறிவேப்பிலையிலும் தேசியிலும் அநேகமாக இதைத்தான் காண்பீர்கள். (தேசி மரத்தில் லைம் பட்டர்ஃபிளை என்று இன்னொன்றும் வரும். சின்னதாக இருக்கும்போது இரண்டு புழுவையும் பிரித்தறிவது எனக்கு இன்றைக்கும் கஷ்டம்.) எச்சம் போல இருப்பது வேஷம், குருவி கண்டுகொள்ளாமல் போவதற்கு. கடைசித் தோல் கழற்றியதும் பச்சை நிறமாகி, முதுகின் முன்பக்கத்தில் கண் போல இரண்டு பொட்டு வரும். பார்த்தால் குட்டிப் பாம்புதான்.

அந்த நாட்களில் கறிவேப்பிலைக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மரக்கறி லொறி ஒழுங்கைக்கு வந்தால்தான் உண்டு. மாமிக்குச் சரியான கோபம். "என்ன பிள்ளை, ரசத்துக்கு ஒரு நெட்டு இலை இல்லை, நீ புழுவுக்குச் சாப்பாடு போடுறியோ?" என்றார். ஞாயம்தான். இருந்த ஒன்பதில் ஏழு புழுவை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றுக்கு மாற்றி, லொறியில் வாங்கிய இலையைக் கழுவித் துடைத்துப் போட்டேன். மரத்தின் உச்சியில் எட்டாத இடத்தில் இருந்த இரண்டு அப்படியே நின்றன.

மறுநாள் விடியப் பார்த்தால் ஏழும் சுருண்டு கிடந்தன, வாயால் பச்சைத் தண்ணி வடிந்தபடி. இலைக்கு அடித்த மருந்து. கழுவினது போதவில்லை. என் மகள் அழுதாள். மாமி டப்பாவைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த இலையைத்தானே நேற்று நாங்களும் ரசத்துக்குப் போட்டனாங்கள்" என்றார்.

அந்தக் கிழமையே இரண்டாவது கறிவேப்பிலைக் கன்று வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்று குசினிக்கு, மற்றது புழுவுக்கு. குசினி மரத்தில் புழு கண்டால் மாமியே ஈர்க்கில் ஏற்றிக் கொண்டுபோய் மற்றதில் விடுவார். இப்போது ஐந்தாறு வருடமாக இந்த ஒப்பந்தம் நடக்கிறது.

ஆகவே வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கடை இலை கொடுக்க வேண்டாம். புதிதாக வாங்கும் கன்றிலும் மருந்து இருக்கலாம். வாங்கியதும் அதை வலையால் மூடி, பழைய இலையை வெட்டிவிட்டு, புதுத் தளிர் இரண்டு சுற்று வரும்வரை பொறுங்கள். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புழுவுக்கு அதுவும் நஞ்சுதான்.

உச்சியில் தப்பிய இரண்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். முட்டை பொரிக்க மூன்று நாலு நாள், புழுவாக இரண்டு கிழமையும் கொஞ்சமும், கூட்டில் பத்துப் பன்னிரண்டு நாள், ஆக ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். இரண்டும் ஒரே காலையில் வெளியே வந்தன. ஒன்று கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை. மற்றதில் பின்சிறகு முழுக்கச் சிவப்புப் பொட்டு. ஒரே மரம், ஒரே இலை, இரண்டு வேறு பூச்சியா என்று குழம்பிப்போனேன். வேறில்லை, முதலாவது ஆண், மற்றது பெண். கொமன் மோர்மன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். மற்றவை கிரிம்சன் ரோஸ், கொமன் ரோஸ் என்ற இரண்டு நச்சுப் பூச்சிகளைப் பார்த்து உடுப்பு மாற்றிக்கொள்ளும். அந்த இரண்டின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை இனத்துக் கொடிகளைத் தின்று வளர்பவை. பெயரே சொல்கிறது, ஆடுகூடத் தொடாது. அந்த நஞ்சு பூச்சியின் உடம்பிலும் நின்றுவிடுவதால் குருவிகள் கிட்டப் போவதில்லை. மோர்மன் பெண்ணிடம் நஞ்சே கிடையாது, வெறும் வேஷம்தான். இந்த வேஷத்தைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு என்று 2014 இல் கண்டுபிடித்தார்கள். 2009 இல் இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட பெரிய மஞ்சள்–கறுப்புப் பூச்சியின் புழுவும் இதே கொடி இனத்தைத்தான் தின்னும். அதை எங்கள் ஒழுங்கையில் எதிர்பார்க்காதீர்கள், சிங்கராஜாப் பக்கம் போனால் பார்க்கலாம்.

இனி போத்தல். வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில் மூடி போட்ட போத்தலுக்குள் இரண்டே நாளில் எச்சத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைவிட மோசம், கூட்டிலிருந்து வெளியே வரும் பூச்சிக்குச் சிறகு கசங்கின துணி போல இருக்கும். அது ஏறித் தொங்கி, உடம்பிலிருக்கும் தண்ணியைச் சிறகுக்குள் தள்ளி விரிக்க வேண்டும். ஒரு மணித்தியாலம், சிலவேளை இரண்டும் ஆகும். வாய் ஒடுங்கிய போத்தலில் சிறகு சுவரில் முட்டி அப்படியே காய்ந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. எனக்கு அப்படி ஒன்று ஆனது. அது பறக்காமலே எங்கள் விறாந்தையில் நாலு நாள் சீனித் தண்ணி குடித்துக்கொண்டு இருந்தது. அதற்குப் பிறகு போத்தல் பக்கமே போகவில்லை.

நான் செய்வது இது. பழைய நுளம்பு வலையைத் தலையணை உறை போலத் தைத்து, முட்டை இருக்கிற கிளைக்கு மாட்டி, அடியில் கட்டிவிடுவேன். முசுறு, ஓணான், புலுனி எல்லாவற்றுக்கும் அது போதும். மகளுக்குக் காட்டுவதற்காக இரண்டு மூன்று மட்டும் உள்ளே வரும், வலை போட்ட பெரிய கூடையில். கிளையைத் தண்ணிப் போத்தலில் செருகினால் போத்தல் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணிக்குள் விழுந்து செத்துப்போகும். குடிக்கத் தண்ணி வைக்கத் தேவையில்லை, இலையில் இருப்பதே போதும். எச்சத்தை நாளாந்தம் கொட்டுங்கள். ஒருநாள் புழு சாப்பாட்டை விட்டுவிட்டு, வயிறு இளகினாற்போலப் போய், கூடை முழுக்க அங்கும் இங்கும் அலையும். நோய் என்று நினைத்து நான் முதல் தடவை பயந்தேன். கூடு கட்ட இடம் தேடுகிறது, அவ்வளவுதான். குச்சி ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையெடுங்கள்.

எண்ணிக்கையில் ஆசைப்படக் கூடாது. பெரிய புழு நாலு இருந்தால் சாடியில் நிற்கும் சின்னக் கறிவேப்பிலையை ஒரு கிழமையில் மொட்டையடித்துவிடும். மரம் திரும்பத் தளிர்க்கும், பயம் வேண்டாம். ஆனால் அதுவரை புழுவுக்கு என்ன கொடுப்பீர்கள்? அங்கேதான் எல்லாரும் கடைக்கு ஓடுகிறார்கள்.

எல்லாம் பூச்சியாகும் என்றும் நினைக்காதீர்கள். சில கூடு கறுத்து, ஒரு சின்ன ஓட்டை விழுந்து, அதற்குள்ளிருந்து எறும்பளவு குளவிகள் வரிசையாக வரும். புழு கூடாக மாறும் நேரம் பார்த்து, தாய்க்குளவி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். இதை மகளுக்கு விளங்கப்படுத்தத்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது. அவளோ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குளவியை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

மயிர்க்கொட்டி பயம் உங்கள் வீட்டிலும் வரும், எங்கள் அம்மம்மாவுக்கு முருங்கை மயிர்க்கொட்டி என்ற சொல்லே சொறியும். அடர்ந்த மயிர் உள்ள எதையும் தொட வேண்டாம், அவை அநேகமாக அந்துப்பூச்சிக்குரியவை. மாமரத்தில் இலை நரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும் இறகு போன்ற பச்சைப் புழு ஒன்று இருக்கிறது. பார்க்கப் பயங்கரம், ஆனால் அது பரன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை.

வேறு செடிகள் என்று கேட்டால் எனக்கு அடுத்து எருக்கலைதான். பிள்ளையாருக்கு மாலையும் ஆயிற்று, பிளெயின் டைகருக்கு வீடும் ஆயிற்று. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு, முதுகில் மூன்று சோடி கறுப்புக் கொம்பு, ஒளிந்திருக்கிற பழக்கமே இல்லை. கூடு பச்சை முத்துப் போலத் தொங்கும், அதில் தங்கப் பொட்டு. கடற்கரை ரயில் பாதை ஓரத்து எருக்கலையில் பஞ்சு விதை எடுத்துப் பழைய பெயின்ற் வாளியில் போட்டேன். உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் அசையாமல் நிற்கிறது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கிள்ள விடாதீர்கள். அலரி இருந்தால் கொமன் குரோ வரும், அதன் கூடு வெள்ளிச் சிமிழ் மாதிரி மினுங்கும், அதற்காகவே வைக்கலாம். (அலரியும் நஞ்சுதான், சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் யோசித்து வையுங்கள்.) அன்னமுன்னாவுக்கும் தெருவோர நெட்டிலிங்கத்துக்கும் பச்சைப் பொட்டுக்கார டெய்ல்ட் ஜே. கொன்றைக்கு, மார்ச் ஏப்ரலில் கூட்டங்கூட்டமாகப் பறக்கிற அந்த மஞ்சள் வெள்ளைப் பூச்சிகள். அவை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்பார்கள். சிங்களத்தில் அந்த மலைக்குச் சமனல கந்த என்றும் பெயர், சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி.

கொழும்புக்கே உரிய தொல்லை ஒன்று, டெங்கு. சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் தண்ணி நிற்கும், பரிசோதனைக்கு வருகிறவர்கள் பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். தட்டை எடுத்துவிடுங்கள் அல்லது மணலால் நிரப்புங்கள். புகை அடிக்கிற நாளில் அதற்கு நுளம்பு எது வண்ணத்துப்பூச்சி எது என்று தெரியாது. மெஷின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் கூடையைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். வெளியே கிளையில் இருப்பவை தப்பினால் தப்பினதுதான். புகை வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை டெங்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

காட்டிலிருந்து புழுவோ கூடோ பிடித்துக்கொண்டு வர வேண்டாம். சில இனங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அதோடு இங்கே அதற்குத் தின்ன இலையும் இருக்காது. பிள்ளைகளுக்கு நிறையக் காட்ட வேண்டுமென்றால் கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு வெயில் ஏறத் தொடங்கும் நேரம் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான்காம் மாடி என்பதில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். பம்பலப்பிட்டியில் என் தங்கச்சி இருப்பது மூன்றாம் மாடி. அவள் வைத்த தேசிக்கு முட்டை வர எட்டு மாதம் சென்றது, அதுவும் ஒரேயொரு முட்டைதான் முதலில். எக்ஸோரா இருக்கிறதே, அதை அப்படியே விடுங்கள், கடை திறந்தபடி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு தேசி அல்லது கறிவேப்பிலை, காலை வெயில் படுகிற, கடற்காற்று நேரே அடிக்காத மூலையில். தளிர் வரும் நாட்களில் இளம் இலையின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். கடுகை விடச் சின்னதாக, வெளிறிய மஞ்சளில் ஒரு உருண்டை தனியாக ஒட்டியிருந்தால் அதுதான். படம் எடுத்துப் போடுங்கள், மோர்மனா லைமா என்று மாமியும் நானும் சண்டை பிடித்துப் பதில் சொல்கிறோம்.