தரையில் விழுந்த சின்னான் குஞ்சை எடுத்து வளர்க்கலாமா?

கேள்வி: எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் உள்ள மல்லிகைக் கொடியில் சின்னான் கூடு கட்டி இரண்டு குஞ்சுகள் பொரித்திருக்கிறது. இன்று காலை ஒரு குஞ்சு தரையில் கிடக்கிறது. மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார் அம்மா. அட்டைப்பெட்டியில் வைத்து, பாலில் நனைத்த ரொட்டி கொடுத்து நாங்களே வளர்க்கலாமா? – வாசகர், கோவை

பதில்: பாலும் ரொட்டியும் வேண்டாம். பெட்டியும் இப்போதைக்குத் தேவையில்லை. முதலில் குஞ்சின் உடம்பைப் பாருங்கள்.

உடம்பில் இறகு முளைத்து, வால் மட்டும் கட்டையாக இருந்து, விரலை நீட்டினால் இறுகப் பற்றிக்கொண்டு உட்காருமானால், அது விழுந்த குஞ்சல்ல, கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. செம்புழைக் கொண்டைக்குருவி என்று பறவை நூல்கள் குறிப்பிடும் இந்தச் சின்னான், இரண்டு மூன்று முட்டையிட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கிறது. பொரித்து இன்னும் இரண்டு வாரம் ஆவதற்குள்ளாகவே, சரியாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறிவிடுகின்றன. அதன் பிறகும் பெற்றோர் இரண்டும் தேடி வந்து ஊட்டுகின்றன. எனவே அத்தகைய குஞ்சைப் பூனைக்கு எட்டாத ஒரு கிளையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் விலகிவிட்டால் போதும்.

உடம்பு வெறுந்தோலாகவோ, இறகு விரியாமல் முள்முளையாகவோ இருந்தால் அது கூட்டுக்குள் இருக்க வேண்டிய குஞ்சு. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். அம்மா சொல்வது பரவலான நம்பிக்கைதான், ஆனால் உண்மையல்ல. கை வாசனை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்குவதில்லை. கத்தும் குரலும் அகலத் திறந்த வாயுமே அவற்றை ஊட்டத் தூண்டுகின்றன. கூடு பிய்ந்திருந்தால், நீர் வடிய அடியில் ஓட்டையுள்ள சிறு கூடையில் தேங்காய் நாரைப் பரப்பி, பழைய இடத்திலேயே கட்டி, குஞ்சுகளை அதில் விடலாம்.

பிறகு சன்னலுக்குப் பின்னால் நின்று ஓரிரு மணி நேரம் கவனியுங்கள். புழுவைக் கவ்வி வந்த பறவை நேரே கூட்டுக்குப் போகாமல், அடுத்த வீட்டுக் கம்பியில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்துவிட்டே கொடிக்குள் நுழையும். ஊட்டி முடித்ததும் குஞ்சு பின்புறத்தைத் தூக்கும். வெண்ணிறச் சவ்வுப் பை போல வெளிவரும் எச்சத்தை ஊட்டிய பறவை கவ்விக்கொண்டு போய்த் தொலைவில் போடும் அல்லது விழுங்கிவிடும். இதைக் கண்டுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பழம் தின்னும் பறவையாயிற்றே என்று வாழைப்பழத்தை மசித்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் சின்னான் தன் இளங்குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே கொடுக்கிறது, ஏனென்றால் இந்த வேக வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். பால் பறவைகளுக்குச் செரிக்காது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது இன்னும் ஆபத்து: மூச்சுக்குழலின் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

பூனை கவ்விய குஞ்சென்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூனை எச்சிலில் உள்ள கிருமிகள் விரைவில் கொன்றுவிடும் என்பதால், காற்றுத் துளையிட்ட பெட்டியில் இருட்டாக வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள், வனத்துறைக்கும் தெரிவியுங்கள். காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதைக்கூட 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. எனவே வீட்டில் வைத்து வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இறகு முளைத்த குஞ்சுகள் உள்ள கூட்டுக்கு அருகில் போய்ப் படம் எடுக்க முற்பட்டால், அவை மிரண்டு நாளாகும் முன்பே குதித்துவிடும். உங்கள் மாடியில் நடந்தது அதுவாகவும் இருக்கலாம். நாம் அடிக்கடி எட்டிப்பார்க்கும் இடத்தைக் காகமும் கவனித்து வைத்துக்கொள்ளும். மல்லிகைக்குக் குழாயால் பீய்ச்சாமல் குவளையால் வேரடியில் ஊற்றுங்கள். கொடியைக் கவாத்து செய்வதைக் குஞ்சுகள் போகும்வரை தள்ளிப்போடுங்கள். அதன் பின் காலிக் கூட்டை எடுத்துவிடலாம், சின்னான் அடுத்த முறைக்குப் பெரும்பாலும் புதுக்கூடுதான் கட்டும்.