நம்ம வீட்டு லாப்ரடார் நடிக்குமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 2 வயது. உட்காரு, கை கொடு என்றால் செய்வான். விளம்பரத்தில் நடிக்க வைக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆசை காட்டுகிறார். முடியுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கை கொடுப்பதெல்லாம் சரி, நீங்கள் இருபதடி தள்ளி நின்று, வாயே திறக்காமல், கையை மட்டும் தூக்கினால் உட்காருவானா? ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்யும் இடத்தில் பயிற்சியாளர் குரல் கொடுக்க முடியாது, எல்லாமே சைகைதான். கேமரா முன் குறித்த இடத்தில் நிற்கவும் தெரிய வேண்டும்: தரையில் ஒரு பலகைத் துண்டைப் போட்டு அதன்மேல் முன்னங்கால் வைத்து நிற்கப் பழக்குங்கள், அப்புறம் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்குங்கள். திரையில் நாயகனைப் பாசமாகப் பார்க்கிற நாய், பல நேரம் அவர் தோளுக்குப் பின்னால் யாரோ பிடித்திருக்கும் கோழித் துண்டைத்தான் பார்க்கிறது!

லைட், ஜெனரேட்டர் சத்தம், கூட்டம் எல்லாம் இருக்கும். ஒரு கல்யாண மண்டப வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள், வாலை இடுக்கிக்கொண்டால் விட்டுவிடுங்கள், பாவம்.

அனுமதி விஷயமும் உண்டு. நடிக்க வைக்கும் விலங்கை மத்திய அரசின் 2001 விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். வாரியத்தின் தலைமையகம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. இதற்கெல்லாம் தனியாக அலைவதைவிட, ஏற்கெனவே படப்பிடிப்புக்கு நாய் அனுப்பும் பயிற்சியாளர் ஒருவரைப் பிடிப்பது சுலபம்.