பட்டி பார்க்கும் முன் கத்தியை எடுங்கள்: ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்தை உடம்புக்குப் பொருத்துவது

கேள்வி: "1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற வெள்ளை உடைப் படைவீரர்களின் கவசத்தை, வெட்டாத ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிட்டாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம், கொஞ்சம் தொப்பை உண்டு. டேப் ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். தொடைக் குழாய் லொடலொடவென்று ஆடுகிறது, நடந்தால் முழங்காலுக்குப் பின்னால் குத்துகிறது, இடுப்பில் இரண்டு பக்கமும் முன்தகடும் பின்தகடும் சேரவில்லை. ஒட்டி, இணைப்புகளில் பட்டி பார்த்து, தெரிந்த பைக் பெயின்டரிடம் கொடுத்து வெள்ளை அடித்துவிடலாமா? நந்தம்பாக்கத்தில் காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் காமிக் கானுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும்." (வேளச்சேரி வாசகர்)

வேண்டாம். பட்டி, பெயின்ட் இரண்டுமே வேண்டாம்.

அந்தப் படத்தின் உடல் கவசம் வெள்ளை ஏபிஎஸ் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சி எடுத்தது, அதன் மேல் பெயின்ட் கிடையாது, அந்தப் பளபளப்பு பிளாஸ்டிக்கின் சொந்தப் பளபளப்பு. கை கால் பாகங்களின் இரண்டு பாதிகளையும் ஓரத்தோடு ஓரம் வைத்து, மேலே ஒரு தட்டையான பட்டையை ஒட்டி மூடினார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டைகள் படத்தில் பளிச்சென்று தெரியும். அதை மழித்து மொழுமொழுவென்று ஆக்கினால் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் அது நீங்கள் கேட்கும் கவசமாக இருக்காது. தவிர, எம்-சீல் மாதிரிச் சாமான்கள் காய்ந்ததும் கல்லாகிவிடும், ஏபிஎஸ்ஸோ நடக்கும்போதெல்லாம் வளையும். ஒரு மணி நேரம் நடந்தால் பட்டியில் விரிசல் ஓடிவிடும். பைக் பெயின்டர் கலக்கும் தின்னர் ஏபிஎஸ்ஸை அரிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

துல்லியம் என்றால் எல்லோரும் ஹெல்மெட் ஸ்டிக்கரையும் பட்டன் நிறத்தையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. கவசத்துக்கு அடியில் போடும் கறுப்பு உடை எங்கே எவ்வளவு தெரிகிறது என்பதுதான் தெரியும். தோள் கிண்ணம் மார்புத் தகட்டை ஒட்டி நிற்கிறதா, இடுப்பின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிகிறதா, தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவே இரண்டு கால்களிலும் ஒரே அளவு இருக்கிறதா, இவை சரியாக இருந்தால் மற்ற குறைகளை யாரும் பார்க்க மாட்டார்கள். இவை தப்பினால், எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் பெரிய பையனின் சட்டையைச் சின்னப் பையனுக்குப் போட்டுவிட்ட மாதிரிதான் இருக்கும்.

அதனால் பசையை எடுத்து உள்ளே வையுங்கள். முதலில் நிகழ்ச்சியன்று போடப்போகும் அதே கறுப்பு உள்ளுடையையும் அதே பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, பெயின்டர்கள் மறைப்புக்கு ஒட்டும் மாஸ்கிங் டேப்பால் எல்லாப் பாகத்தையும் உடம்பில் நிறுத்திப் பாருங்கள். லுங்கியோ ஷார்ட்ஸோ போட்டுக்கொண்டு அளவெடுத்தால் அத்தனையும் தப்பும். கூட ஒருவர் வேண்டும், பென்சிலோடு. நிமிர்ந்து நிற்கும் நிலையிலேயே குறிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் குனிந்து நீங்களே குறித்தால் குனிந்த உடம்புக்குத்தான் அளவு வரும்.

இந்த கிட்கள் பொதுவாக ஆறடியை ஒட்டிய உடம்புக்குச் செய்யப்படுபவை. உங்கள் உயரத்துக்கு எல்லாமே கொஞ்சம் நீளம், அதில் பிரச்சினை ஒன்றும் இல்லை. எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தொடைப் பாகத்தின் முன்பக்கம் கீழே ஒரு மேடான விளிம்பு ஓடும், அது கண்ணுக்குத் தெரியும் அடையாளம், அதைத் தொடாமல் உயரத்தை மேலே, இடுப்புப் பக்கம் குறையுங்கள். உள்தொடையில் கவட்டை ஓரத்தை நன்றாகவே இறக்கி வெட்டலாம், யாருக்கும் தெரியாது, நடை மட்டும் மாறிவிடும். முழங்காலுக்குப் பின்னால் குத்துவது உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் குத்தும். தொடையின் கீழ் ஓரமும் கெண்டைக்கால் பாகத்தின் மேல் ஓரமும் பின்னால் ஒன்றையொன்று சந்தித்து நடுவில் சதையைக் கடிக்கின்றன. இரண்டையும் பின்பக்கம் மட்டும் பிறை மாதிரி வளைத்து வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் உருட்டி விடுங்கள். கொஞ்சம் வெட்டி, மாட்டி, மாடிப்படி ஏறிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். படி ஏற முடிந்தால் மேடையும் ஏறலாம். உட்கார முடியுமா என்று கேட்காதீர்கள், அந்தப் படத்தில் உடுத்தியவர்களுக்கே அது சிரமம்தான்.

சுற்றளவுக்கு வருவோம், லொடலொடப்புக்கு மருந்து இங்கேதான். முன்பக்க இணைப்பும் பின்பக்க இணைப்பும் ஒன்றல்ல. முன்னால் வரும் பட்டை கண்ணுக்குத் தெரிவது, அதன் அகலம் கணக்கு: புஜத்துக்கும் முன்கைக்கும் 15 மி.மீ., தொடைக்கும் கெண்டைக்கால் முன்பக்கத்துக்கும் 20 மி.மீ., கெண்டைக்கால் பின்பக்கத்துக்கு 25 மி.மீ. 20 மி.மீ. பட்டை உட்கார வேண்டுமென்றால், இரண்டு பாதியிலும் இணைப்போரமாக ஓடும் மேட்டை ஒட்டிய சமதளத்தில் ஆளுக்கு 10 மி.மீ. விட்டு மீதியை வெட்ட வேண்டும். முன்பக்கத்தை இப்படி முதலில் முடித்து ஒட்டிக் காயவிட்டுவிடுங்கள். அப்புறம் காலில் சுற்றி, பின்பக்கத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அந்த மிச்சத்தை இரண்டு பாதியிலும் சமமாகப் பிரித்து வெட்டினால் குழாய் உங்கள் காலுக்கு இறங்கும். ஒரே பாதியில் மொத்தத்தையும் எடுத்தால் பின்கோடு காலில் திருகிக்கொண்டு போகும். துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே விரல் நுழையும் இடம் இருந்தால் போதும். கெண்டைக்கால் பாகத்தின் பின்பக்கத்தை மட்டும் ஒட்டாதீர்கள், அது திறந்து மூட வேண்டியது, வெல்குரோ போடுங்கள். தொடை மூடிய குழாய் என்பதால் அதைக் காலில் ஏற்றிய பிறகுதான் கெண்டைக்கால் பாகம்.

வெட்டுவதற்கு இயந்திரம் தேவையில்லை. நேர்க்கோட்டை கட்டரால் இரண்டு மூன்று முறை கீறிவிட்டு முன்னும் பின்னும் மடக்கினால் பட்டென்று உடையும். வளைவுகளுக்கு ரிமோட் கார் பாடி வெட்டும் வளைந்த கத்தரிக்கோல் அருமையான சாமான். சுழலும் அறுப்பான் வைத்திருந்தால் வேகத்தைக் குறைத்து வைக்கவும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். அச்சிலிருந்து உள்பக்கம் மடங்கி வரும் ஓரம் இருக்கிறதே, மணிக்கட்டு முனையில் அதை முழுக்க எடுத்துவிடுங்கள், கை நுழையவும் அதுதான் வழி. மற்ற இடங்களில் மெல்லியதாக விட்டால் தகடு தடிமனாகத் தெரியும், பலமும் கிடைக்கும்.

முன்கைப் பாகம் கையோடு ஒட்டாமல் விரிந்து நின்றால் ஹீட் கன்னை எடுக்காதீர்கள். ஏபிஎஸ் ஏறக்குறைய 105 டிகிரியில் இளகும், ஹீட் கன் கண் சிமிட்டும் நேரத்தில் அதைத் தாண்டிக் குமிழ் விட வைத்துவிடும். கொதிக்கும் தண்ணீர் அந்த அளவைத் தாண்டாது, அதனால் அதுதான் பத்திரம். பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதி வருவதற்குச் சற்று முன் இறக்கி, கையுறை போட்டுக்கொண்டு வளைய வேண்டிய இடத்தை மட்டும் சில விநாடி முக்கி, மெதுவாக அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் விடுங்கள். போதவில்லையா, மறுபடி. அண்டா அம்மாவுடையதாக இருந்தால் முதலிலேயே அனுமதி வாங்கிவிடவும்.

இப்போது தொப்பை. அதற்காக வயிற்றை இழுத்துப் பிடித்து அளவெடுக்காதீர்கள், நாலு மணி நேரம் யாராலும் இழுத்துப் பிடிக்க முடியாது. முன்தகட்டில் இருக்கும் பட்டன் வரிசை நடுவாக நிற்க வேண்டும் என்பதால் அதை அப்படியே விட்டு, பின்னிடுப்புத் தகட்டின் பக்கவாட்டு ஓரத்தில் வெட்டி எறிந்த ஏபிஎஸ் துண்டை ஒட்டி நீட்டுங்கள். இந்த ஓர் இடத்தில்தான் நிரப்புவதற்கு வேலை இருக்கிறது, அதையும் அதே ஏபிஎஸ்ஸால் நிரப்ப வேண்டும். வெட்டிய துகள்களை மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் கிடைக்கும் அசிட்டோனை மூழ்கும் அளவு ஊற்றி இரவெல்லாம் வைத்தால் காலையில் இட்லி மாவுப் பதத்துக்கு வந்திருக்கும். உள்பக்கம் ஒரு துண்டைத் தாங்கலாக ஒட்டிவிட்டு, வெளிப்பக்கப் பிளவில் இதை மெல்லிசாகப் பூசுங்கள், தடிமனாகப் பூசினால் அடியில் உள்ள தகடே இளகித் தொய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ சாமி விளக்கோ எரியும் அறையில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஓரிரு நாள் நன்றாகக் காய்ந்ததும் 220, 400, 800 என்று வாட்டர் பேப்பர் தேய்த்து, கடைசியில் கார் பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்ப வரும். கோடு லேசாகத் தெரிந்தால் தெரியட்டும், கீழ்ப்பாதியை பெல்ட் மறைத்துவிடும்.

மேலுடம்பின் உயரத்தைக் குறைக்க, வயிற்றுத் தகட்டை மேலே தள்ளி மார்புத் தகட்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நுழையுங்கள், தடுத்தால் வயிற்றுத் தகட்டின் மேல் ஓரத்தை வெட்டுங்கள்.

பசைக்கு இ-6000 ஆன்லைனில் கிடைக்கிறது. முழுப் பிடிப்புக்கு 24 முதல் 72 மணி நேரம் வேண்டும், அவசரப்பட முடியாது. ஆனால் காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி வளையும், தப்பாக ஒட்டிவிட்டால் பொறுமையாக உரித்து எடுக்கலாம். ஃபெவிக்விக் காற்றின் ஈரத்தால் இறுகும் பசை, சென்னையில் இன்னும் வேகம், ஒட்டியதும் நகர்த்த முடியாது, வளைந்தால் படக்கென்று விடும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் நிற்கும். அதை நிகழ்ச்சியன்று அவசரத்துக்கு மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காயும் வரை பிடிக்கச் சின்னக் காந்தங்களை உள்ளும் புறமுமாக வைப்பது கிளிப்பை விட நல்லது, நடுப்பகுதியிலும் அழுத்தம் கிடைக்கும்.

பாகங்களை ஒன்றோடொன்று தொங்கவிட வெல்குரோவை நம்பாதீர்கள், வியர்வையில் அதன் ஒட்டுப் பசை விட்டுவிடும். பாரிமுனைப் பக்கம் பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நைலான் பட்டையும் எலாஸ்டிக்கும் டிச் பட்டனும் வாங்குங்கள். நைலான் துண்டில் சூடான சால்டரிங் அயர்னால் ஓட்டை போட்டால் நூல் பிரியாது. அதில் பட்டனை அடித்து, அந்தத் துண்டைத் தகட்டின் உள்பக்கம் இ-6000 வைத்து ஒட்டினால், கவசத்தில் ஓர் ஓட்டையும் போடாமல் கழற்றி மாட்டும் கொக்கி தயார். தோள் கிண்ணத்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகவே வையுங்கள். நான் பார்த்த கவசங்களில் பெரும்பாலானவை தோற்பது அந்த இடத்தில்தான், கிண்ணம் கைப்பக்கம் சரிந்து மார்புக்கும் அதற்கும் நடுவே கறுப்பாக ஒரு கை அகலம் தெரியும்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இடது வலது சமமாக இல்லையே என்று தேய்த்துச் சரிசெய்யாதீர்கள், படத்தின் மூல ஹெல்மெட்டும் கையால் வடித்ததுதான், கோணல் அதன் முகவெட்டு. கன்னத்துக் குழாய்களின் மேல் வரும் கோடுகளும் கையால் தீட்டியவை, ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தால்தான் சந்தேகம் வரும். புருவ ஓரத்துக்கான கறுப்பு ரப்பரை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கார் கடைகளில் மெல்லிய பீடிங்காகப் பாருங்கள். இந்த மாதிரிப் பாகம் பாகமான விவரங்களுக்கு 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய 501ஆவது லீஜியன் ரசிகர் அமைப்பு வெளியிட்டிருக்கும் உடைக் குறிப்புகளைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம், உறுப்பினராகும் எண்ணம் இருந்தால் அதுதான் அளவுகோல்.

அப்புறம் நம்ம ஊர் புழுக்கம். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாது, மேலே பிளாஸ்டிக் பெட்டி வேறு. காட்டன் உள்ளுடை நனைந்து கனக்கும், சீக்கிரம் காயும் விளையாட்டுத் துணியில் கறுப்பு முழுக்கை பனியனும் பேன்ட்டும் எடுங்கள். ரிச்சி தெருவில் 5 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு வாங்கி, பவர் பேங்க்கில் இணைத்து, காற்று கண் லென்ஸ் மேல் படும்படி ஹெல்மெட்டுக்குள் வையுங்கள், மூச்சுப் புகை படியாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஹெல்மெட் மாட்டாதீர்கள், எண்ணெய்ப்பசை ஏபிஎஸ்ஸில் இழுவிசை உள்ள இடங்களில் நுண்விரிசலைத் தூண்டும். தோல் உராயும் இடங்களுக்கும் பவுடரே போதும். அரை மணிக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள், காலடி தெரியாது என்பதால் கூடவே ஒருவர் நடக்க வேண்டும், அவர் குழந்தைகள் மீது நீங்கள் மோதாமலும் பார்த்துக்கொள்வார்.

கவசத்தை மாட்டிக்கொண்டு வேளச்சேரியிலிருந்து கிளம்பாதீர்கள், ஆட்டோவில் உட்காரவும் முடியாது. பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் பழைய வேட்டியைச் சுற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டுங்கள். திரும்பி வந்ததும் வெயிலில் நிறுத்திய காரிலோ மொட்டை மாடி அறையிலோ டப்பாவை விட்டுவிட வேண்டாம், சூட்டில் பசை இளகும், வெயில் பட்டால் ஏபிஎஸ் மஞ்சளாகும், அந்த மஞ்சளைப் பாலிஷ் போட்டு முழுதாக எடுக்க முடியாது. ஈரத்துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, நிழலில் காயவைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.