ஆம்பூர்க்காரர் மகனுக்குக் கணினி வாங்கும் முன்

ஐயா, சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மனைவியும் மகனும் ஆலோசனை கேட்டு வேலூரில் என் அறையில் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவின் கையில் பையன் எழுதிக் கொடுத்த கணினிப் பாகங்களின் பட்டியல். அடியில் கூட்டுத்தொகை 96,000 ரூபாய். "கேம் விளையாடத்தான் சார் கேட்கிறான்" என்றார். நீங்கள் வெகுநேரம் பேசவில்லை. பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனர் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருப்பதையும், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்வதையும் கிளம்பும்போதுதான் சொன்னீர்கள். பயப்படாதீர்கள், அவகாசம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

அதற்காக நகையை வைத்து வாங்கும் கடனுக்கு வட்டி கட்டப்போவது நீங்கள், மைத்துனர் அல்ல. உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி இவன்தான். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் அதற்கான கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் அதுவும் கிடையாது. பணத்தை விட்டுவிடுவோம். நிரல் எழுதப் பிடிக்குமா என்று அவனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். நான்கு வருடம் அப்படிக் குனிந்தே உட்கார வேண்டிய படிப்புக்கு எந்தக் கல்லூரியின் பெயரும் ஈடாகாது.

நீங்கள் தேநீர் குடிக்கப் போனபோது அவன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். கறுப்புத் தோல் ஷூ. புகைப்படம் என்றே நினைத்தேன். நூல் இறங்கும் ஒவ்வொரு துளையிலும் தோல் லேசாகக் குழிந்திருந்தது. மடிப்பு விழும் இடத்தில் மட்டும் பளபளப்பு மங்கியிருந்தது. தரத்தில் தேறவில்லை என்று நீங்கள் வேலை பார்க்கும் ஷூ தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஜோடியைப் பார்த்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் அவனே உருவாக்கியது. பிளெண்டருக்கு ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை. 2002 முதல் திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தலாம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படம் இதில்தான் உருவானது. அக்காவின் பழைய லேப்டாப்பில் அந்த ஒரு ஷூ படம் ரெண்டர் ஆக, அதாவது வடிவத்தைக் கணினி கணக்கிட்டு முழுப் படமாக்க, ஆறு மணி நேரம் பிடித்ததாம். கணினி கேட்பதன் காரணம் இதுதான், அம்மா. கேமும் விளையாடுவான், விளையாடட்டும்.

அப்படியானால் அனிமேஷன் பயிற்சி மையத்தில் சேர்த்துவிடலாமா என்பீர்கள். லட்சக்கணக்கில் கட்டி வேண்டாம். 2025 பிப்ரவரியில் பெங்களூரிலும் மும்பையிலும் சினிமாவுக்குக் கணினியில் காட்சிகள் உருவாக்கும் ஒரு பெரிய வி.எஃப்.எக்ஸ். நிறுவனம் மூடப்பட்டு, அனுபவசாலிகளே ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள்.

நான் சொல்லும் வழி உங்களுக்குப் பிடிக்காது. "இந்தத் தோல் வேலை என்னோடு போகட்டும்" என்றீர்கள். இருபது வருடம் கட்டிங் பிரிவில் நின்ற கால்கள் அப்படித்தான் சொல்லும். ஆனால் நான் சொல்வது காலணி வடிவமைப்பு. கிண்டியில் மத்திய அரசின் சிறு தொழில் அமைச்சகத்தின் கீழ் 1957 முதல் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இயங்குகிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் காலணி தயாரிப்பிலும் வடிவமைப்பிலும் இரண்டு வருட டிப்ளமா உண்டு. லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சின் மேல் பேட்டர்ன் எடுப்பது, வெட்டு, தையல், தைத்த தோலை அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங், கணினி வடிவமைப்பு எல்லாம் கையால் செய்து பழக வேண்டும். பட்டம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில், நம் ஊர் வழியாகப் போகும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், எஃப்.டி.டி.ஐ. என்ற காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். நான்கு வருட பி.டெஸ். எனும் வடிவமைப்புப் பட்டம், நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் எழுதலாம். அங்கே கட்டணம் அதிகம். ஆகவே என் முதல் தேர்வு கிண்டிதான். ஷூவை வெட்டித் தைக்கத் தெரிந்தவர்கள் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வெளிநாட்டு வாங்குபவர் மாதிரி கேட்கும் முன்பே அதைத் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டக்கூடிய ஆள் அரிது.

இனி அந்தப் பட்டியல். ஐ7 பிராசசரை அடித்துவிடுங்கள். பிளெண்டரில் ரெண்டரிங் சுமையைக் கிராபிக்ஸ் கார்டே தாங்கும். ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600 பிராசசர் போதும், குளிர்விக்கும் விசிறியும் பெட்டியிலேயே வரும். மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும். அவன் எழுதியிருக்கும் 8 ஜி.பி. கார்டு விளையாட்டுக்கு வேகமானது. ஆனால் தோலின் நுணுக்கத்துக்காக அவன் பெரிய பெரிய படங்களை ஏற்றும்போது கார்டின் நினைவகம் நிரம்பி வேலை மிகவும் மெதுவாகும், நின்றும் போகலாம். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் 12 ஜி.பி. வகையை வாங்குங்கள். அதே பெயரில் 8 ஜி.பி. வகையும் விற்கிறது, பெட்டியில் எண்ணைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். ரேம் விலை ஏறிக்கிடக்கிறது; இப்போதைக்கு 16 ஜி.பி. ஒரே துண்டாக வாங்கி, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கேபினட்டோடு இலவசமாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி, மட்டும் கூடவே கூடாது. தரச்சான்று பெற்ற 650 வாட் தனியாக வாங்குங்கள். அது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும். முன்பக்கம் கண்ணாடி போட்ட வண்ண விளக்குக் கேபினட் நம் அக்னி நட்சத்திரத்துக்கு ஆகாது. காற்று நுழையும் வலை முகப்பே வேண்டும்.

பட்டியலில், மின்சாரம் போனதும் சிறிது நேரம் கணினியைத் தாங்கும் யு.பி.எஸ். இல்லை. சேருங்கள். இரவு முழுக்க ஓடும் ரெண்டரிங்கை வீடியோவாகச் சேமிக்காமல், ஒவ்வொரு பிரேமையும், அதாவது அசையும் காட்சியின் ஒவ்வொரு நிலைப்படத்தையும், தனிப் படமாகச் சேமிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் போனாலும் நின்ற பிரேமிலிருந்து தொடரலாம்.

அடுத்த முறை வரும்போது, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட லாஸ்ட் ஒன்று கிடைத்தால் கேட்டு வாங்கிப் பையனிடம் கொடுங்கள். அவன் வரைந்த ஷூவில் குதிகால் கொஞ்சம் அகலம். கையில் பிடித்துப் பார்த்தால் அவனே திருத்திவிடுவான்.