மருத்துவக் கஞ்சா மசோதாவுக்காக ஒரு குடும்பம் எங்கே போய்ப் பேசுவது?

கேள்வி: நாங்கள் வட கரோலினாவில், ராலிக்குப் பக்கத்தில் கேரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நாலைந்து நாள் ஒரு வாய் ரசம் சாதம்கூட வயிற்றில் நிற்பதில்லை. ஐந்து மாதத்தில் 11 கிலோ குறைந்துவிட்டார். “வேறு மாநிலமாக இருந்தால் மருத்துவக் கஞ்சாவை முயன்று பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன்” என்றார் டாக்டர். இங்கேயும் அந்தச் சட்டம் வர எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பம் என்ன செய்ய முடியும்? என் கணவர் குடியுரிமை பெற்றவர். நான் அடுத்த ஆண்டுதான் விண்ணப்பிக்கப் போகிறேன். இதில் இறங்கினால் எனக்கோ அப்பாவுக்கோ சிக்கல் வருமா?

பதில்: முதலில் அப்பா. மசோதா எப்போது நிறைவேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கீமோ என்றைக்கு என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் டாக்டரைப் பார்க்கும்போது ‘ட்ரோனபினால்’ என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கஞ்சாவில் இருக்கும் டிஹெச்சி என்ற வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்து கேப்சூலில் அடைத்தது அது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கீமோ குமட்டலுக்கு அதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க மத்திய அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 1985லேயே ஒப்புதல் தந்துவிட்டது. டாக்டர் சீட்டு எழுதினால் வட கரோலினாவிலும் சாதாரண மருந்துக்கடையில் வாங்கலாம். மத்திய அரசே ஏற்ற மருந்து என்பதால் குடியேற்றச் சிக்கலும் இல்லை. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் மனக்குழப்பமும் வரலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு, ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நோயாளிகளின் குடும்பங்களைச் சட்டமன்ற அலுவலகங்களுக்கு அழைத்துப் போகும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் இணையத்தில் ஒரு மனு தொடங்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது. கலிஃபோர்னியாவில் 1996ல் கையெழுத்துத் திரட்டித்தான் மருத்துவக் கஞ்சாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் முன்நின்று நடத்திய அந்த முயற்சிக்கு 55 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு கிடைத்தது. ஆனால் அங்கே மக்களே சட்டம் கொண்டுவர அரசியல் சாசனத்தில் வழி இருக்கிறது, வட கரோலினாவில் இல்லை. லட்சம் பேர் கையெழுத்துப் போட்டாலும் இங்கே அது யாரையும் கட்டுப்படுத்தாது. ராலியில் ஜோன்ஸ் தெருவில் இருக்கும் சட்டமன்றம் ஒன்றுதான் வாசல்.

அந்த வாசலில் மசோதா எங்கே சிக்கி நிற்கிறது என்று தெரியாமல் உழைத்தால் உழைப்பெல்லாம் வீண். இங்கே செனட்டில் 50 பேர், பிரதிநிதிகள் அவையில் 120 பேர். செனட் இதற்கு ஏற்கனவே சம்மதித்துவிட்டது, அதுவும் ஒருமுறை இல்லை. குடியரசுக் கட்சியின் பில் ரேபன் கொண்டுவந்த கருணைப் பராமரிப்பு மசோதா 2022ல் செனட்டில் நிறைவேறியது. 2023ல் மறுபடி 36க்கு 10 என்ற கணக்கில் நிறைவேறியது. புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன், போர் போன்ற கொடிய அனுபவங்களுக்குப் பிறகு வரும் மன அதிர்ச்சி நோய் எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. ரேபன் தனக்கே பெருங்குடல் புற்றுநோய் வந்து கீமோ எடுத்தபோது கஞ்சாதான் கைகொடுத்தது என்று வெளிப்படையாகப் பேசியவர். உங்கள் அப்பாவுக்கு இருக்கும் அதே நோய். 2024ல் வேறொரு மசோதாவோடு சேர்த்தும் செனட் அனுப்பிப் பார்த்தது. பிரதிநிதிகள் அவை ஒருமுறையும் அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை.

ஏன் என்பதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்த அவையில் பெரும்பான்மையாக இருக்கும் குடியரசுக் கட்சியினரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தங்கள் கட்சி உறுப்பினர்களிலேயே பாதிக்கு மேல் ஆதரிக்காவிட்டால் மசோதாவை அவைக்குக் கொண்டுவருவதில்லை. அப்போது அவைத்தலைவராக இருந்த டிம் மூர் இதையேதான் காரணமாகச் சொன்னார். இரண்டு கட்சியினரின் வாக்கையும் கூட்டினால் மசோதா நிறைவேறிவிடுமா என்ற கணக்கு அங்கே எடுபடுவதில்லை. இப்போதைய அவைத்தலைவர் டெஸ்டின் ஹால். ஆளுநர் ஜோஷ் ஸ்டைன் 2025 ஜூனில் கஞ்சா குறித்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். நல்ல விஷயம்தான், ஆனால் குழுவால் சட்டம் இயற்ற முடியாது. ஆகவே உங்கள் வேலை பிரதிநிதிகள் அவையின் ஆளும்கட்சி உறுப்பினர்களில் இன்னும் மனம் மாறாத சிலரிடம்தான்.

இங்கேதான் கேரியில் இருப்பது இடைஞ்சல். உங்கள் பகுதியில் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினரே ஜெயிக்கிறார்கள். உங்கள் உறுப்பினர் அநேகமாக ஏற்கனவே ஆதரவாளராக இருப்பார். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிவிட்டு, உங்களுக்குத் தெரிந்தவர்கள் வேறெங்கே இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். சார்லட்டுக்குத் தெற்கே வாக்ஸ்ஹா, வெடிங்டன் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். அது யூனியன் கவுண்டி, குடியரசுக் கட்சியின் கோட்டை. பொங்கல் விழாவில் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பம் அங்கே இருந்தால், வாக்குரிமை உள்ள ஒருவர் அந்த வீட்டில் இருந்தால், அவர் தன் தொகுதி உறுப்பினருக்குப் போடும் ஒரு போன், நீங்கள் கேரியிலிருந்து எழுதும் நூறு மின்னஞ்சலைவிடப் பெரிது. உறுப்பினர் அலுவலகத்தில் முதலில் பார்ப்பதே எழுதியவரின் முகவரியைத்தான். யாருக்கு எந்தத் தொகுதி என்பதைச் சட்டமன்ற இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் காட்டிவிடும்.

ஓரிருவர் மனம் மாறினால் என்ன நடந்துவிடும் என்று தோன்றலாம். பென்சில்வேனியாவைப் பாருங்கள். வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கே தலைநகர் ஹாரிஸ்பர்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். மைக் ஃபோமர் என்ற செனட்டர் குடியரசுக் கட்சியில் பழமைவாதி. அவரும் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அந்த அம்மாக்கள் சொன்னதைக் கேட்டபிறகு அவரே மசோதாவை முன்னின்று கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் சுகாதாரக் குழுத் தலைவர் பிடிவாதமாக மறுக்க, கடைசியில் மசோதாவை அந்தக் குழுவிலிருந்து வேறு குழுவுக்கு மாற்றித்தான் நகர்த்தினார்கள். 2016 ஏப்ரல் 17ஆம் தேதி ஆளுநர் டாம் வுல்ஃப் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாக்கள் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும் போய், பிள்ளைக்கு அந்த வாரம் எத்தனை முறை வலிப்பு வந்தது என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

சந்திப்புக்கு உறுப்பினரின் உதவியாளரிடம் பேசி நேரம் வாங்குங்கள். அந்த உதவியாளரை இளப்பமாக நினைக்காதீர்கள். யார் உள்ளே வர வேண்டும், எந்தக் கடிதம் உறுப்பினர் மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்தான். சந்திப்பு பத்து நிமிடம்கூட நீடிக்காமல் போகலாம். அப்பாவின் எடை 11 கிலோ குறைந்ததை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். டாக்டர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை: “இந்த மசோதா அவையில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று உங்கள் கட்சிக் கூட்டத்தில் சொல்வீர்களா?” ஆதரிப்பீர்களா என்று பொதுவாகக் கேட்டால் “பரிசீலிக்கிறேன்” என்று அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். இல்லை என்றால் காரணம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் அந்தக் காரணத்துக்கான பதிலோடு ஒரு கடிதம் அனுப்புங்கள்.

“ஆதாரம் எங்கே?” என்பது பெரும்பாலும் வரும் கேள்வி. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017ல் வெளியிட்ட பெரிய ஆய்வறிக்கையைச் சொல்லுங்கள். கீமோ குமட்டல், பெரியவர்களின் நாட்பட்ட வலி, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் தசை இறுக்கம் மூன்றுக்கும் வலுவான ஆதாரம் உண்டு என்கிறது அது. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கஞ்சா புற்றுநோயையே குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை யாராவது அந்த அறையில் சொல்லிவிட்டால் மொத்தக் குழுவின் நம்பகமும் போய்விடும். அப்படி ஒருவர் பேசியதால் ஒரு சந்திப்பு அதோடு முடிந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அந்த அலுவலகத்தில் மறுபடி நேரம் கிடைக்க எங்களுக்கு ஓராண்டு ஆனது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இதைத்தான் மிகக் கவனமாகப் படிக்கச் சொல்வேன். சட்டத்தை மாற்றுங்கள் என்று பேசுவது பேச்சுரிமை. குடியுரிமை இல்லாதவர்களுக்கும் அது உண்டு. சம்பளம் வாங்காமல் உங்களுக்காக நீங்களே பேசுவதற்குப் பதிவு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசுவதால் சிக்கல் வராது. பயன்படுத்தினால் வரும், பயன்படுத்தியதாகச் சொன்னாலும் வரும்.

மாநிலங்கள் என்ன சட்டம் போட்டாலும் குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. அதை மூன்றாவது அட்டவணைக்கு மாற்றும் முயற்சி 2024ல் தொடங்கியது. மூன்றாவது அட்டவணைக்குப் போனாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சாவானாலும், மத்தியச் சட்டத்தை மீறியிருந்தால் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்கு அது தடை என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்தில் தெளிவாக்கியது. கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் இதில் அடங்கும். வழக்கு, தண்டனை எதுவும் இல்லாமலே, விமான நிலையத்தில் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதை வைத்தே கிரீன் கார்டுக்காரர்களைச் சிக்கலில் மாட்டிவிட முடியும்.

ஆகவே மேடையிலோ கடிதத்திலோ சந்திப்பிலோ அப்பா என்ன படுகிறார் என்று மட்டும் சொல்லுங்கள். “ஒருமுறை நண்பர் கொடுத்ததைச் சாப்பிட்டுப் பார்த்தார்” என்ற வரி உங்கள் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. பத்திரிகைக்காரர் கேட்டாலும், எதிரே இருப்பவர் அனுதாபத்தோடு கேட்டாலும் சரி. பொதுப் பதிவில் ஏறும் கடிதங்களில் உங்கள் கணவர் பெயர் இருக்கட்டும். கான்கார்டில் இருக்கும் ஹெச்-1பி வேலை விசா நண்பர் ஒருவர் தேர்தல் நிதி தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாநிலத் தேர்தலானாலும் மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம், ஆனால் வாக்களிக்கவோ வாக்காளராகப் பதிவு செய்யவோ கூடாது.

இன்னொன்று. மாநிலத்தின் மேற்கே செரோக்கி என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு கஞ்சா விற்பனை நிலையம் நடக்கிறது. அது அவர்களுடைய சொந்த ஆட்சிப் பகுதி. “நாலரை மணி நேரப் பயணம்தானே, போய் வாங்கி வந்துவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். அந்த எல்லையைத் தாண்டியதும் அது வட கரோலினாச் சட்டப்படி குற்றம். அப்பாவுக்கும் உங்களுக்கும் மத்தியச் சட்டச் சிக்கல் தனி. தயவுசெய்து போகாதீர்கள். நாளைக்கு மாநிலச் சட்டமே வந்து கஞ்சா வாங்க நோயாளி அட்டை கொடுத்தாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் அப்பா பெயரில் விண்ணப்பிக்க வேண்டாம். இந்தச் சட்டத்துக்காக நீங்கள் அலைவதன் பலன் முதலில் வேறு குடும்பங்களுக்குத்தான் போய்ச் சேரக்கூடும். இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் இறங்க வேண்டும் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

காலக் கணக்கு எளிது. 170 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் புதிய அமர்வு தொடங்கும். பழைய மசோதாக்கள் காலாவதியாகி, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் உறுப்பினர்கள் தொகுதியிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். வாக்ஸ்ஹா நண்பர் தன் தொகுதி உறுப்பினரைப் பார்க்க அதுதான் தோதான நேரம்.

புதிய மசோதா வரும்போது முழுதாகப் படியுங்கள், குறிப்பாக மருந்து எங்கிருந்து வரும் என்ற பகுதியை. ஜார்ஜியாவில் 2015ல் குறைந்த டிஹெச்சி எண்ணெயை நோயாளிகள் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டார்கள். மாநிலத்துக்குள் அதைத் தயாரிக்கவோ விற்கவோ அனுமதி தரவில்லை. கையில் அட்டை இருந்தும் வாங்கக் கடை இல்லை. விற்பனைக்கு வழி செய்யும் சட்டம் 2019ல் வந்தது, முதல் கடை திறந்தது 2023ல். பென்சில்வேனியாவில் உற்பத்தி, விற்பனை எல்லாவற்றையும் முதல் சட்டத்திலேயே எழுதியதால் இரண்டு ஆண்டுக்குள், 2018 பிப்ரவரியில், மருந்து நோயாளி கைக்கு வந்துவிட்டது. ஆகவே உறுப்பினருக்கு எழுதும் இரண்டாவது கடிதத்தில் இதையும் கேளுங்கள்: சட்டம் நிறைவேறிய நாளிலிருந்து எத்தனை மாதத்துக்குள் முதல் கடை திறக்க வேண்டும் என்று மசோதாவில் தேதி இருக்கிறதா?